உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்

கேள்வி:

நாங்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்து 9 வருடம் ஆகிறது. மகன் ஏழாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. போன மாதம் மகனைப் பள்ளியில் 2 நாள் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ரோபோட்டிக்ஸ் வகுப்பில் இவன் மூன்று வாரம் உட்கார்ந்து செய்ததை இன்னொரு பையன் வேண்டுமென்றே பிரித்துப் போட்டிருக்கிறான். இவன் ஆத்திரத்தில் அவனைப் பிடித்துத் தள்ள, மேஜை விளிம்பில் பட்டு அந்தப் பையனுக்கு உதடு கிழிந்துவிட்டது. இவன் செய்தது தப்புதான். ஆனால் அந்த 2 நாளும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தே கிடந்தான். திரும்பிப் போன பிறகும் பள்ளியில் யாரும் அவனிடம் எதுவும் பேசவில்லை.

"பிள்ளைகளை சஸ்பெண்ட் பண்ணாமல் இருக்கத்தான் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்குப் பணம் கொடுக்குதே" என்கிறார் பக்கத்து வீட்டுத் தோழி. அப்படியென்றால் என் மகனை ஏன் அனுப்பினார்கள்? மகளின் வகுப்பில் நடப்பதோ நேர்மாறு. ஒரு பையன் தினமும் யாரையாவது அடிக்கிறான். அவனை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். "பணத்துக்காகத் தப்பை மூடி மறைக்கிறார்களா? நம் ஊராக இருந்தால் டி.சி. கொடுத்து அனுப்பியிருப்பார்கள்" என்கிறார் என் கணவர். அந்தப் பணம் எங்கே போகிறது? நான் யாரிடம் என்ன கேட்பது? இந்த சஸ்பென்ஷன் நாளைக்குக் காலேஜுக்குப் போகும்போது தடையாகுமா?

— ஒரு தாய், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

"திரும்பிப் போன பிறகும் யாரும் எதுவும் பேசவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நடுநிலைப் பள்ளிகளில் கவுன்சிலராக இருந்த காலம் முழுக்க என்னை உறுத்தியது அதுதான். நீங்கள் கேட்கும் பணத்தின் கதையும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வியை முடித்துவிடுவோம். ஏழாம் வகுப்பில் நடந்த 2 நாள் இடைநீக்கம் உங்கள் மகனின் கல்லூரிக் கனவைக் குலைக்காது. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் பயன்படுத்தும் பொது விண்ணப்பமான 'காமன் ஆப்' 2021 முதல் பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வியையே எடுத்துவிட்டது. சில கல்லூரிகள் தனியாகக் கேட்கலாம். அப்போதும் அவை பொதுவாகப் பார்ப்பது உயர்நிலைப் பள்ளிக் காலத்தைத்தான். இந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தின் 48900-ஆம் பிரிவு, எந்தெந்தச் செயலுக்கு இடைநீக்கம் செய்யலாம் என்று பட்டியலிடுகிறது. மற்ற வழிகளை முயன்று பார்த்து, அவை பலிக்காதபோதுதான் இடைநீக்கம் என்கிறது 48900.5. பெற்றோருடன் பேசுவது, கவுன்சிலரிடம் அனுப்புவது, சம்பந்தப்பட்டவர்களை ஒன்றாக உட்கார வைத்துச் சரிசெய்வது எல்லாம் அந்த மற்ற வழிகளில் அடக்கம். ஆனால் உடலுக்குக் காயம் ஏற்படுத்துவது போன்ற செயல்களுக்கு முதல் முறையே இடைநீக்கம் செய்ய அதே பிரிவு அனுமதிக்கிறது. உதடு கிழிந்ததால் உங்கள் மகனை அனுப்பியது சட்டத்துக்கு விரோதமில்லை. அதே சமயம், அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் பள்ளிக்கு இல்லை. வேறு வழியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் முதல்வருக்கு உண்டு.

அனுப்புவதற்கு முன் குற்றச்சாட்டையும் ஆதாரத்தையும் மாணவனிடம் சொல்லி, அவன் தரப்பைக் கேட்க வேண்டும். 1975-இல் 'காஸ் எதிர் லோபஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமை இது. அவசர நிலை இருந்தால் மட்டுமே விலக்கு. ஒரு தடவைக்கு 5 பள்ளி நாட்களுக்கு மேல் இடைநீக்கம் செய்யக் கூடாது. 2 நாளோ அதற்கு மேலோ வீட்டில் இருக்க நேர்ந்தால், பெற்றோர் கேட்கும்பட்சத்தில் அந்த நாட்களுக்கான வீட்டுப்பாடத்தை ஆசிரியர் கொடுத்தாக வேண்டும். அந்த 2 நாளும் உங்கள் மகன் போர்வைக்குள் கிடந்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பணம் எப்படி வந்தது?

இந்த நாட்டில் மத்திய அரசின் பணம் முதலில் பயன்பட்டது பிள்ளைகளை வெளியே அனுப்புவதற்கு. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஓராண்டு நீக்காத மாநிலத்துக்குக் கல்வி நிதி கிடையாது என்று 1994-இல் சட்டம் வந்தது. துப்பாக்கிக்காக வந்த கடுமை மெல்ல மெல்லத் தொப்பிக்கும் செல்போனுக்கும் எதிர்ப்பேச்சுக்கும் பரவியது. கலிஃபோர்னியாவில் 2011–12 கல்வியாண்டில் மட்டும் சுமார் 7 இலட்சம் இடைநீக்கங்கள். அவற்றில் பாதிக்கு நெருக்கமானவை 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற ஒரே காரணத்தின் கீழ் வந்தவை. தலை நிமிராமல் இருந்தது, பென்சிலைத் தட்டிக்கொண்டே இருந்தது எல்லாம் அதற்குள் அடங்கும். கறுப்பின மாணவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக வெளியே அனுப்பப்பட்டார்கள்.

அப்படி அனுப்பியதால் என்ன ஆனது என்பதை டெக்சாஸில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் காட்டியது. ஏழாம் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 10 இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளிப்படிப்பு முடிவதற்குள் சுமார் 60 சதவீதம் பேர் ஒரு தடவையாவது இடைநீக்கமோ நீக்கமோ ஆகியிருந்தார்கள். அந்த நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயமாக்கியவை 3 சதவீதம்தான். மிச்சமெல்லாம் பள்ளிகள் தாமாக எடுத்த முடிவுகள். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை அடுத்த ஆண்டு சிறார் நீதித் துறையின் கையில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

கலிஃபோர்னியா அப்படி வெளியே அனுப்பும் கதவைப் படிப்படியாகச் சாத்தியது. 2013 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம் கீழ்ப்படியாமைக்காக இடைநீக்கம் செய்வதை நிறுத்தியது. 2014-இல் வந்த மாநிலச் சட்டம் மூன்றாம் வகுப்பு வரை அதைத் தடுத்தது. 2019 சட்டம் எட்டாம் வகுப்பு வரையும், 2023 சட்டம் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் நீட்டித்தன. ஆனால் தடை போட்டால் மட்டும் போதாது. முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவன் ரகளை செய்கிறான், அனுப்பக் கூடாது என்கிறது சட்டம். அந்த ஆசிரியை என்ன செய்வார்? அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதற்காகத்தான் பொதுப்பணம்.

அது நான்கு வாய்க்கால்களில் வருகிறது. முதலாவது, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காலத்தில் 2013-இல் வந்த பள்ளி நிதி முறை. ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளைகள் ஆகியோரின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளி மாவட்டத்துக்குக் கூடுதல் தொகை போகிறது. இரண்டாவது, 2014 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 47-ஆம் முன்மொழிவு. சிறு திருட்டு, போதைப்பொருள் வைத்திருத்தல் போன்ற குற்றங்களுக்குத் தண்டனையைக் குறைத்ததில் சிறைச் செலவில் மிச்சமாகும் தொகையில் 25 சதவீதம் கல்வித் துறைக்கு வருகிறது. பள்ளிக்கு வராமல் நிற்பதையும் இடைநீக்கத்தையும் குறைக்க மாவட்டங்கள் அதிலிருந்து 3 ஆண்டு மானியம் பெறுகின்றன. அதைக் காவல் பணிக்குச் செலவிடக் கூடாது. 2024 நவம்பரில் நிறைவேறிய 36-ஆம் முன்மொழிவு தண்டனைகளை மறுபடி கூட்டியதால் இந்த வாய்க்காலில் நீர் குறையும். மூன்றாவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 2015-இல் 1 கோடி டாலரில் தொடங்கி, பிறகு கூடிய நிதி. நான்காவது, பள்ளியிலேயே மருத்துவமும் மனநல உதவியும் குடும்பங்களுக்குத் துணையும் கிடைக்க வேண்டும் என்று 2021-இல் ஏறத்தாழ 300 கோடி டாலரோடு ஆரம்பித்த சமூகப் பள்ளித் திட்டம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் பள்ளி நிதி தினசரி வருகையின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இடைநீக்கமாகி வீட்டில் இருக்கும் பிள்ளையின் நாளுக்குப் பணம் வராது. நஷ்டம் மாவட்டத்தின் கணக்கில் எங்கோ ஒரு மூலையில் விழுகிறது. வாசலில் நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் துணை முதல்வருக்கோ ஒரு போன் போட்டு "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்வது அந்த நிமிடத்தில் எந்தச் செலவும் இல்லாத வழி. உங்கள் மகனை அனுப்பியதற்குப் பின்னால் கல்நெஞ்சம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆள் இல்லாமை இருந்திருக்கும்.

ஒன்பது மணி நேரம்

பணம் வந்தால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மானியப் பணத்தில் இதற்கென்றே ஒருவரை நியமித்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், ஒரு பெண்ணின் ஓவிய நோட்டைக் கழுவுதொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். அவள் அவன் கன்னத்தைப் பிறாண்டிவிட்டாள். முந்தைய ஆண்டாக இருந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இந்த முறை அந்தப் பணியாளர் இருவரிடமும் தனித்தனியே இரண்டு நாள் பேசினார். இரண்டு வீட்டுக்கும் போன் செய்தார். பையனின் பாட்டிக்கு ஸ்பானிஷ்தான் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க ஆள் வைத்தார். மூன்றாம் நாள், சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். நனைந்து பொருமிப்போன நோட்டு நடுவில் இருந்தது. அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன் என்னோடத?" பையன் வெகுநேரம் ஷூ லேஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "கிளாஸ்ல எல்லாரையும் வரஞ்ச. என்ன மட்டும் வரையல" என்றான். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. நாங்களும்தான்.

அவன் செய்ய வேண்டியதை இரண்டு பேரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். ஒரு வாரம் மதிய இடைவேளையில் நூலகத்தில் உட்கார்ந்து, பக்கங்களுக்கிடையே தாள் வைத்து, கனமான அகராதிகளை அடுக்கி அந்த நோட்டைக் காய வைத்தான். பதினோரு பக்கம் தேறியது. கன்னத்தைப் பிறாண்டியதற்கு அவளும் பாட்டியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாள். அதன் பிறகு ஆறு வாரம், வாரம் ஒரு முறை அந்தப் பணியாளர் இருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசினார்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்பது மணி நேரம். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர்கள் சங்கத்தின் பரிந்துரை. கலிஃபோர்னியா இன்னும் அதைத் தொடவில்லை. ஒரு சண்டைக்கு ஒன்பது மணி நேரம் எங்கிருந்து வரும்? பொதுப்பணம் அந்த நேரத்தைத்தான் வாங்கித் தருகிறது. மூன்றாண்டு முடிந்து மானியம் நின்றதும் அந்தப் பணியிடத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த செப்டம்பரில், அதைவிடச் சின்னச் சண்டைக்கு இரண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு ஆறாத வருத்தம் அது.

உங்கள் கணவரின் கேள்வி

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இடைநீக்க எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது எளிது. பிள்ளைகளுக்கு நல்லது செய்வதுதான் கடினம். மாநிலத்தின் 'டாஷ்போர்டு' தளத்தில் ஒவ்வொரு பள்ளியின் இடைநீக்க விகிதமும் சிவப்பிலிருந்து நீலம் வரை நிறம் போட்டுக் காட்டப்படுகிறது. சிவப்பைத் தவிர்ப்பதற்காக, "இன்னிக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க" என்று பதிவில்லாமல் அனுப்பும் பள்ளிகளும் உண்டு. அடிக்கிற பிள்ளையை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்து உள்ளே அனுப்புவதும் அதே குறையின் இன்னொரு முகம். உங்கள் மகனுக்குக் கிடைக்காத ஆள்தான் அந்தப் பையனுக்கும் கிடைக்கவில்லை. அடிப்பதற்கு இடைநீக்கம் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மேலே சொன்ன தடை கீழ்ப்படியாமைக்கு மட்டும்தான். துப்பாக்கி, கத்தியைக் காட்டி மிரட்டுதல், போதைப்பொருள் விற்பனை, பாலியல் தாக்குதல், வெடிபொருள் ஆகிய ஐந்துக்கும் நீக்கத்துக்குப் பரிந்துரைப்பது இன்றும் கட்டாயம்.

வட்டமாக உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில் இந்த முறையைச் சோதித்து, ராண்ட் நிறுவனம் 2018-இல் முடிவை வெளியிட்டது. இடைநீக்கத்தால் இழந்த நாட்கள் குறைந்தன. பள்ளியின் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் 6 முதல் 8 வரை படித்த பிள்ளைகளின் மதிப்பெண்கள் சரிந்தன. நான் இதிலிருந்து படித்துக்கொண்ட பாடம் இது: ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஆசிரியரின் தலையில் இந்த வேலையையும் ஏற்றினால் பாடம் அடிபடும். இதற்கென்று தனியாக ஆளும் நேரமும் வேண்டும்.

டி.சி. விஷயமும் உங்கள் கணவர் நினைப்பது போல் இல்லை. இந்தியாவின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, அதன் 16-ஆம் பிரிவில், எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது. நாம் படித்த காலம் வேறு. இப்போது அங்கேயும் சட்டம் பிள்ளையின் பக்கம்தான் நிற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இந்த வாரமே துணை முதல்வருக்கும் கவுன்சிலருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, மகன் பள்ளிக்குத் திரும்பியது தொடர்பாக ஒரு சந்திப்புக் கேளுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். உதடு கிழிந்த பையனுக்கு இவன் என்ன செய்ய வேண்டும், பிரித்துப் போட்ட ரோபோவுக்கு அவன் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டையும் அங்கே பேசுங்கள். அந்தப் பையனின் வீட்டார் சம்மதித்தால் மட்டுமே இருவரையும் நேரில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

2. இடைநீக்கக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். தவறு இருந்தால் பதிவைத் திருத்தக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு.

3. மகள் விஷயத்தில் என்றைக்கு, எங்கே, என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதி ஆசிரியைக்கு அனுப்புங்கள். அந்தப் பையனை என்ன செய்தார்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள், அது அவன் அந்தரங்கம். "என் மகளின் பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும் கடமை பள்ளிக்கு உண்டு.

4. பள்ளியிலிருந்து "கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்தால், "இது இடைநீக்கமா? எழுத்தில் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பல போன்கள் நின்றுவிடும்.

5. பணம் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். எதற்கு எவ்வளவு செலவிடப் போகிறோம் என்று சொல்லும் 'எல்கேப்' (LCAP) என்ற திட்டத்தை உங்கள் பள்ளி மாவட்டம் ஜூலை 1-க்குள் நிறைவேற்றியாக வேண்டும். அதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் கட்டாயம். மாவட்டத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டம் இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். ஆறாவது முன்னுரிமையான பள்ளிச் சூழல் பகுதியைத் திறந்தால் இடைநீக்க விகிதமும் நீக்க விகிதமும் அங்கே இருக்கும். பக்கத்திலேயே எந்தச் செயலுக்கு எவ்வளவு தொகை என்றும் எழுதியிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். நம்மவர்கள் கணக்குப் பாடத்தின் தரம் பற்றிப் பேசப் போவார்கள், இதற்குப் போகமாட்டார்கள். பிள்ளை சஸ்பெண்ட் ஆனது வெளியே தெரிந்துவிடும் என்று கூச்சம். உங்கள் மகன் பெயரை நீங்கள் எடுக்கவே வேண்டாம். மைக்கின் முன் நின்று மூன்றே கேள்வி கேட்டால் போதும்: இந்தப் பணத்தில் எங்கள் பள்ளிக்கு நியமிக்கப்பட்ட ஆள் யார்? வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறார்? மானியம் முடிந்த பிறகு அவருடைய சம்பளம் எங்கிருந்து வரும்? மூன்றாவது கேள்வியை அந்தப் பள்ளியில் அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், அந்த ஆறு நாற்காலிகள் இன்னும் அந்த அறையில் இருந்திருக்கும்.

உங்கள் மகனிடம் இன்று இரவே பேசுங்கள். தள்ளியது தப்பு என்று அவனுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். மூன்று வாரம் உட்கார்ந்து என்ன செய்தான் என்று கேளுங்கள். எந்தச் சக்கரம் எங்கே மாட்டினான், எதற்காக அது ஓடும் என்று அவன் சொல்லிக்கொண்டு போகட்டும். பள்ளியில் யாரும் அவனிடம் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி